பர்ஸுக்குள் படிந்த செந்தூள்

பெர்மாண்ட்சி சதுக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடும். லண்டன் பாலத்திலிருந்து தெற்கே காலார நடக்கும் தூரம்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலக் காலையில் அங்கே பழைய பர்ஸ் ஒன்று வாங்கினேன். வெளித்தோல் கறுப்பு. ஓரங்கள் மழுமழுவென்று இருந்தன. தையலில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை. வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தபோது விரல்களில் செங்கல் பொடி போல ஏதோ ஒட்டியது. உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய தோல் மடிப்போரத்தில் அப்பளம் போல நொறுங்கிக்கொண்டிருந்தது. வெளியே நூறாண்டு தாங்கும் என்று நம்பிச் செய்த கை, உள்ளே எதையோ தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தது.

தோல் வேலைக்காரர்களும் நூலகர்களும் இதை ரெட் ராட் என்கிறார்கள். நான் செவ்வுளுப்பு என்று சொல்வேன். மரம் உளுத்துப்போவதைப் போலவேதான் இதுவும் போகிறது. ஆனால் அரிக்கும் பூச்சி எதுவும் இல்லை, அரிப்பது அமிலம். ஒருமுறை தொடங்கிவிட்டால் எந்த எண்ணெயும் மெழுகும் பழைய தோலைத் திருப்பித் தராது.

கையால் பர்ஸ் தைக்கப் பழகுகிறவர்கள் வெளித்தோலைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் அலைகிறார்கள். நானும் அலைந்தேன். உள்ளே கையில் கிடைத்ததை ஒட்டிவிட்டோம். ஆனால் ஒரு பர்ஸின் கடினமான வாழ்க்கை உள்ளேதான் நடக்கிறது. அட்டைகள் அங்கேதான் உரசுகின்றன, நாணயங்கள் அங்கேதான் அழுத்துகின்றன. பின்பையில் உட்கார்ந்து உட்கார்ந்து, உடம்புச் சூடும் வியர்வையும் ஊறும் இடமும் அதுவே. தடிமன் கூடினாலும் ஆகாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் உள்பக்கத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

முதலில் தோல் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். அதன் உடல் முழுக்க கொலாஜன் என்ற புரதம். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது. இந்த மூவிழை வடிவத்தை முதலில் முன்வைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954இல். லண்டன் பர்க்பெக் கல்லூரியின் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்திருந்தபோது, கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னதுதான் ராமச்சந்திரனை அந்தப் பக்கம் திருப்பியது. ஆராய்ச்சிக்குக் கங்காரு வால் தசைநாண் தேவைப்பட்டது. அது பக்கத்திலேயே, அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த முறுக்குக் கயிறு அறுபட்டால்தான் தோல் பொடியாகும். என் விரலில் ஒட்டிய செந்தூள், அறுந்த கயிற்றின் துணுக்குகள்.

பச்சைத் தோல் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் கட்டையாகும். கயிறுகளுக்கு இடையே ஏதாவது புகுந்து அவற்றைப் பிணைத்துப் பிடித்தால் அது பதனிட்ட தோல். மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் அந்த வேலையைச் செய்கிறது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது நாக்கிலேயே தெரியும். பாக்கும் காசுக்கட்டியும் வாயை இறுக்கிப் பிடிப்பதாகத் தோன்றுவது, டானின் நம் எச்சிலின் புரதங்களைப் பிடிப்பதால்தான். ஹம்ப்ரி டேவி 1803இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தந்த கட்டுரையில் சோதித்த பொருள்களில் இந்தியாவிலிருந்து வந்த காசுக்கட்டியும் உண்டு. பம்பாய்ச் சரக்கில் எடையில் பாதிக்கு மேல் டானின் இருப்பதாக அவர் கண்டார். ஓக் பட்டையை நம்பியே இருந்த இங்கிலாந்துத் தோல்காரர்களுக்கு அது பெரிய செய்தி.

அந்தத் தோல்காரர்களின் ஊர்தான் பெர்மாண்ட்சி. தேம்ஸ் நதியின் ஏற்றவற்றம் ஓடைகளில் தண்ணீரைக் கொண்டுவந்தது. நகரத்தின் இறைச்சிக் கடைகள் தோலைக் கொடுத்தன. நாற்றத்தை நகரத்துக்கு வெளியே வைக்க எல்லோரும் விரும்பினார்கள். வெஸ்டன் தெருவில் 1833இல் தோல் சந்தை திறந்தது. அதன் பக்கத்தில் 1878இல் தோல், கம்பளி வணிகத்துக்கென்று தனி மாளிகை எழுந்தது. தோல் பதனிடும் காட்சிகளைச் செதுக்கிய வட்டச் சிற்பங்கள் அதன் முகப்பில் இன்றும் இருக்கின்றன. டேனர் தெரு, மொராக்கோ தெரு, லெதர்மார்க்கெட் தெரு என்று பெயர்ப்பலகைகளில் அந்தத் தொழில் இன்னும் வாசிக்கக் கிடைக்கிறது. தொழிற்சாலைகள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன.

லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாக வந்த சரக்குகளில் ஒன்றுக்கு ஈஸ்ட் இந்தியா கிப் என்று பெயர். சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட சிறுமாட்டுத் தோல் அது. ஆட்டுத் தோலும் அதே வழியில் வந்தது. லண்டன் வணிகர்கள் அதைப் பெர்ஷியன் என்றார்கள். சுண்ணாம்புக் குழியில் முடி நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து நிறத்தை வெளுப்பாக்கி, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அந்தச் செடி திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் ஒரு பெருந்தொழிலைத் தாங்கியது. தோல் வெளிறிய தேன் நிறத்தில், மிருதுவாக, மலிவாக இருந்தது. ஐரோப்பாவில் அதைப் பிளந்து, சாயமேற்றி, மேல்முகத்தில் வேறு விலங்கின் தோல்வரியை அழுத்திப் பதித்து, புத்தக அட்டைக்கும் பெட்டிக்கும் பர்ஸுக்கும் உள்தோலாக்கினார்கள்.

இங்கேதான் கதை நூலகத்துக்குள் போகிறது. 1824இல் தொடங்கிய அத்தினேயம் கிளப் லண்டன் அறிஞர்கள் கூடும் இடம். அதன் முதல் செயலாளர் மைக்கேல் ஃபாரடே. அங்கே எரிவாயு விளக்குப் போட்டபின் நூல்களின் தோலட்டைகள் சிதையத் தொடங்கின. எரிவாயுவில் கந்தகம் உண்டு; எரியும்போது கந்தக டை ஆக்சைடாகிறது; தோல் அதை உறிஞ்சி மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக்குகிறது. ஃபாரடே 1840களில் விளக்குப் புகையைத்தான் குற்றவாளியாகக் காட்டினார். அவருக்கு அந்த வேதனை நன்றாகவே புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1805 முதல் ஏழு ஆண்டுகள் பிளாண்ட்ஃபோர்ட் தெருவில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய பையன் அவர். அட்டைத் தோலைச் சீவி, நனைத்து, இழுத்து ஒட்டிய விரல்கள்.

ஆனால் புகை மட்டுமே காரணமென்றால் எல்லாத் தோலும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பழைய நூல்கள் தாங்கின, புதியவை உதிர்ந்தன. 1900இல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு அமைத்தது. தலைவர் காபம் பிரபு; நூல் கட்டுநர் டக்ளஸ் காக்கரெல் அதில் இருந்தார்; பெர்மாண்ட்சியில் தோல் தொழில்நுட்பம் கற்பித்த ஜே. கார்டன் பார்க்கர் இருந்தார். நூலகம் நூலகமாகப் போய் அட்டைகளைப் பார்த்தார்கள், பதனிட்ட முறைகளைச் சோதித்தார்கள். 1901இல் வந்த அறிக்கை நேரடியானது. 1830க்குப் பிந்திய தோல் பொதுவாக மோசம். சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்டது நன்றாகத் தாங்குகிறது. நம் ஊர்ப் பட்டையில் பதனிட்ட கிழக்கிந்தியத் தோல் நூல் கட்ட ஆகாது.

ஆவாரம் பூவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் படிக்கும்போது மனம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது. ஆனாலும் வேதியியல் அவர்கள் பக்கம். டானின்களில் இரண்டு குலங்கள் உண்டு. கடுக்காய், சுமாக் இலை, மாசிக்காய் இவற்றில் இருப்பது சர்க்கரையோடு காலிக் அமிலம் கோத்த வகை. நீராலும் அமிலத்தாலும் பிளவுபடும். ஆவாரம் பட்டை, கருவேலம் பட்டை, வாட்டில் பட்டை இவற்றில் இருப்பது செறிந்த வகை; கரிம வளையங்கள் நேரடியாக ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகின்றன. வெயிலும் காற்றும் பட்டால் இவை மேலும் மேலும் கோத்துச் சிவக்கும். ஆவாரந்தோலை வெயிலில் போட்டால் சீக்கிரமே செம்மை ஏறுவதைத் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்களில் பார்த்தவர்கள் அறிவார்கள். கடுக்காய்க் குலத்துச் சாறுகளோடு வரும் உப்புகள் அமிலத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கின்றன. செறிந்த குலத்தில் அந்தக் கவசம் குறைவு.

அதே அறிக்கை இன்னொன்றையும் அழுத்திச் சொன்னது. ஒரேசீரான பளிச்சென்ற நிறம் வேண்டும் என்பதற்காகச் சாயமிடும்போது கந்தக அமிலம் சேர்த்தார்கள். பட்டை பலவீனமான கவசம் என்றால், கத்தியைச் செருகியது சாயக்காரர். எல்லாப் பழியையும் ஆவாரஞ்செடியின் தலையில் கட்டிவிட்டுப் போகக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அதே ஈஸ்ட் இந்தியா கிப்பை முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்குப் பிரிட்டிஷ் அரசு தேடித் தேடி வாங்கியது. தடிமனாக, அமிலச் சாயம் இல்லாமல், எண்ணெயோடு இருந்த தோல் உழைத்தது. மயிரிழையாகப் பிளந்து, அமிலத்தில் முக்கி, பர்ஸுக்குள் ஒட்டியது உழைக்கவில்லை.

பிளப்பது என்றேன். அதுதான் அடுத்த பிழை. தோலின் குறுக்கே கத்தி வைத்துப் பார்த்தால் மேலே நுண்ணிய அடர்ந்த படலம், கிரெய்ன். கீழே தடித்த நார்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கோரியம். வலிமையின் பெரும்பகுதி கீழேதான் இருக்கிறது. கம்பளி ஆட்டின் தோலில் இந்த இரண்டுக்கும் இடையே கொழுப்பும் மயிர்க்குழிகளும் நிறைந்த தளர்ந்த அடுக்கு ஒன்று உண்டு, எளிதாகப் பிளக்கும். பிளந்தெடுத்த மேல்படலத்துக்கு ஸ்கைவர் என்று பெயர். அழகான முகம், மலிவான விலை, எலும்பில்லாத உடம்பு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பர்ஸுகளின் உள்தோல் பெரும்பாலும் அதுதான். பிளந்த கீழ்ப்பாதி எண்ணெயில் பதனிடப்பட்டு, சன்னல் துடைக்கும் ஷாமாய்த் துணியாயிற்று. வலிமை துடைப்பானுக்குப் போயிற்று, அழகு பர்ஸுக்கு வந்தது.

வெள்ளாட்டுத் தோல் வேறு மாதிரி. அது பிறவியிலேயே மெல்லியது, நார்கள் நெருக்கமானவை. 0.6 மில்லிமீட்டருக்கு இறக்க அதில் அதிகம் வெட்ட வேண்டியதில்லை. கோரியத்தில் நல்ல பங்கு மிஞ்சும். மாட்டுத் தோலை அதே 0.6க்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் முகம்தான். கங்காருத் தோலில் நார்கள் மேற்பரப்புக்கு இணையாக ஓடுவதால் இன்னும் மெலிதாக்கலாம். விலை அதிகம், கிடைப்பது அரிது. பன்றித் தோலில் மயிர்க்குழிகள் மும்மூன்றாக மறுபக்கம்வரை துளைத்துப் போகும். வியர்வை ஏறினால் சீக்கிரம் உலரும். அந்தக் காரணத்துக்காகச் செருப்பு உள்தோலுக்கு அது நல்லது. பர்ஸுக்கு என் கை வெள்ளாட்டுக்குத்தான் போகிறது.

தடிமன் விஷயத்தில் கணக்கைத் தவிர்க்க முடியாது. வங்கி அட்டை உலகமெங்கும் ஒரே அளவு: 85.6க்கு 53.98 மில்லிமீட்டர், தடிமன் 0.76. ஆறு அட்டை என்றால் நாலரை மில்லிமீட்டர். இதைக் குறைக்க நமக்கு வழியில்லை. தோலைத்தான் குறைக்க முடியும். ஒரு பக்கம் நான்கு அட்டைப் பை, ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர், எல்லாம் அடிவரை இறங்குகின்றன என்றால் பைகள் மட்டுமே 4 மில்லிமீட்டர். மடித்தால் 8. ஒரு அட்டைகூட வைக்கும் முன்பே பர்ஸ் செங்கல்லாகிவிட்டது. அதனால்தான் பழகியவர்கள் மறைந்திருக்கும் பைகளை ஆங்கில T எழுத்து வடிவில் வெட்டி, ஒவ்வொன்றின் அடியையும் வெவ்வேறு உயரத்தில் தைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு தோலாகவும் மறைந்த பகுதி மெல்லிய துணியாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

மடிப்பில் இன்னொரு கணக்கு. வெளித்தோல் 1.2, உள்தோல் 0.6 என்றால் இரண்டின் நடுக்கோடுகளுக்கு இடையே 0.9 மில்லிமீட்டர். முழுக்க மடிக்கும்போது வெளியே உள்ளது அரைவட்டத்தில் கூடுதல் தூரம் போக வேண்டும்: 0.9ஐ வட்டக் கணக்கின் பையால் (π) பெருக்கினால் சுமார் 2.8 மில்லிமீட்டர். உள்தோலை அதே நீளத்தில் வெட்டித் தட்டையாக வைத்து ஒட்டினால் அந்த 2.8 எங்கே போகும்? சுருக்கமாக எழும்பி நிற்கும். சுருக்கத்தின் மேட்டில்தான் ஒவ்வொரு மடிப்பும் உரசும். செவ்வுளுப்பு பிடித்தால் முதலில் உதிரும் இடமும் அதுதான். என் பழைய பர்ஸ் உதிர்ந்திருந்ததும் சரியாக அங்கேதான். ஆகவே மடித்த நிலையில், கைமேல் வளைத்து வைத்து ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதென்றால் முழுக்கவா, ஓரம் மட்டுமா? வளைக்கத் தேவைப்படும் விசை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 1.2ம் 0.6ம் முழுக்க ஒட்டி ஒரே 1.8 ஆனால், அதன் விறைப்பு இரண்டும் தனித்தனியே வழுக்கும்போது இருப்பதைப்போல் மூன்று மடங்கு. அதனால் நான் மடிப்புப் பட்டையிலும் ஓரங்களிலும் மட்டும் பசை இடுகிறேன். நடுப்பகுதி வழுக்கட்டும்.

இனி உள்ளே வைக்கும் பொருள்களைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து வங்கி 2016இல் ஐந்து பவுண்டில் தொடங்கி 2021இல் ஐம்பது பவுண்டுவரை எல்லா நோட்டையும் பாலிப்ராப்பிலீன் படலத்துக்கு மாற்றிவிட்டது. காகித நோட்டு மடித்த இடத்தில் படிந்து கிடக்கும். இது விரியப் பார்க்கும். வழுவழுப்பான முகத்தில் வைத்தால் பர்ஸைத் திறந்ததும் நழுவுகிறது. நோட்டுப் பைக்குச் சற்றே சொரசொரப்பான சதைப்பக்கம் நல்லது, பசை தேய்த்து இழைகளைப் படியவைத்தது. அட்டைப் பைக்கு நேர்மாறு. மேல்முகத்தின் வழுக்கல் வேண்டும். கண்ணாடி போன்ற பிவிசி சன்னலை நான் வைப்பதே இல்லை. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்த்தன்மையான பொருள் மெல்ல வெளியே கசிந்து, புகைப்படத்தின் மையைப் பிடித்துக்கொள்ளும். கடை ரசீதின் எழுத்தை அழித்துவிடும், ஏனென்றால் அந்த எழுத்து மையால் எழுதியதல்ல, சூட்டில் கறுக்கும் பூச்சு.

உலோகம் இன்னும் விஷமம். பட்டைத்தோல் ஈரமாயிருக்கும்போது இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர்கள் செய்ததும் இதையேதான். செம்புக் குமிழ் வைத்தால் தோலின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து பச்சை மெழுகாகக் கசியும். நாணயப் பைக்கு ஆகவே அடர்ந்த நெசவுப் பருத்தியோ நைலானோ போடலாம். துணி தோலைப்போல் இழுபடாது. நேர்நூலில் வெட்டினால் தோல் தளரும்போது துணி தளராமல் தையலைப் பிய்க்கும். 45 பாகையில் குறுக்காக வெட்டினால் இரண்டும் சேர்ந்து நகரும். பட்டு அழகு, நாணயத்தின் விளிம்பு அதைச் சில மாதங்களில் கிழித்துவிடும்.

குரோமில் பதனிட்ட தோலை வைத்தால் செவ்வுளுப்புத் தொல்லையே இல்லை. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அந்த முறையைச் சோதித்துப் பரப்பினார். பல்லாவரம் பக்கத்தில் எழுந்த குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் சுமக்கிறது. அமிலத்தைத் தாங்கும், சூட்டைத் தாங்கும், மெலிதாக்கினாலும் மிருதுவாக இருக்கும். ஆனால் அதன் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற முடியாது. மடித்துத்தான் தைக்க வேண்டும், அங்கே தடிமன் இரட்டிக்கும். பாலாற்றங்கரையில் கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டதன் விலையை வேலூர் வட்டாரக் கிணறுகள் கொடுத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதும்வரை போயிற்று. எந்தத் தோல் ஷாப்பிலிருந்து வருகிறது என்று கேட்காமல் குரோம் தோல் வாங்குவதை நான் நிறுத்தி வெகுநாளாயிற்று.

பெர்மாண்ட்சி பர்ஸைப் பிரித்தேன். வெளித்தோலைக் காப்பாற்ற முடிந்தது. உள்ளே சுமாக்கில் பதனிட்ட, சாயமேற்றாத வெள்ளாட்டுத் தோலை 0.6 மில்லிமீட்டரில் வைத்தேன். சாயம் இல்லையென்றால் வியர்வையில் கசிந்து அட்டையில் ஒட்டவும் ஒன்றும் இல்லை. பழைய உள்தோலின் செந்தூளை ஒரு கண்ணாடித் தட்டில் சேர்த்து வைத்திருந்தேன். வினிகரில் இரும்பு ஆணியை இரண்டு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். கடுக்காய்க் குலத்து டானின் இருந்தால் நீலக்கறுப்பு வரவேண்டும், செறிந்த குலம் இருந்தால் பச்சைக்கறுப்பு. முதலில் விழுந்த இடத்தில் நீலம் தெரிந்தது. சற்று நேரத்தில் ஓரத்தில் பச்சை படர்ந்தது. ஆவாரத்தில் ஊறி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் குடித்த தோலும் இப்படித்தான் இரண்டு நிறமும் காட்டும். வேறு கலவைகளும் காட்டக்கூடும். தூளை ஒரு சிறு சீசாவில் போட்டு, அந்தப் பர்ஸின் நாணயப் பைக்குப் பக்கத்திலேயே மேசையில் வைத்திருக்கிறேன்.